ஸ்தோத்திரம் மட்டும் மிஞ்சிய விமர்சனம்

அந்தப் படத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கு இன்னும் ஒரு விளம்பரம். உளவாளிப் படம், இரண்டாம் பாகம், இரண்டே முக்கால் மணி நேரம் ஒருத்தன் மூன்று தேசத்தில் ஓடிக்கொண்டே இருப்பான் என்று சொன்னால் போதும். நான் எழுத வந்தது சத்தியபாய் அக்காவைப் பற்றி.

அருமனைப் பக்கத்தில் நாலு ரப்பர் மரம் வைத்திருப்பவர்களுக்குக்கூட அக்காவைத் தெரியும். எங்கள் பால் சேகரிப்பு நிலையத்தில் இருபத்து மூன்று வருடமாகப் பால் பார்ப்பவர். பால் என்றால் ரப்பர் பால். காலையில் வெட்டி எடுத்ததைப் பத்து மணிக்கு மேல் தோட்டக்காரர்கள் கேனில் கொண்டுவருவார்கள். அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அக்கா சொல்லவேண்டும். கொஞ்சம் பாலில் தண்ணீர் கலந்து உயரமான ஜாடியில் ஊற்றி, மெட்ரோலாக் என்கிற மிதவையை உள்ளே விடுவார். அது ஆடி நின்றதும் குனிந்து பார்த்து ஓர் எண் சொல்வார். முப்பத்து நாலு. முப்பத்தொன்று. நூற்றுக்கு அவ்வளவு ரப்பர் என்று அர்த்தம், அதற்குத்தான் காசு. அதை நான் பதிவேட்டில் எழுதுவேன். என் பெயர் சபிதா. பதினோரு வருடமாக அவர் சொல்ல நான் எழுதுகிறேன்.

அக்காவின் அப்பா கீரிப்பாறை அரசு ரப்பர் கழகத் தோட்டத்தில் பால் வெட்டியவர். அக்கா பிறந்ததே ரப்பர் வாடையில். பிளஸ் டூ முடித்து, அருமனையில் சிலுவைதாசனைக் கட்டி, அவர் மஸ்கட்டில் வண்டி ஓட்டப் போன அடுத்த மாதம் இந்த வேலைக்கு வந்தார். அன்றிலிருந்து பச்சைத் தண்ணீர் கலந்தவன், கஞ்சித் தண்ணீர் கலந்தவன், ராத்திரிப் பாலைக் காலைப் பாலோடு சேர்த்தவன் எல்லோரையும் பார்த்துவிட்டார். மிதவையை இறக்குவதற்கு முன்பே விரலில் தொட்டு உரசிப் பார்ப்பார். முகம் கொஞ்சம் சுருங்கினால் கொண்டுவந்தவன் தானாகவே தலை குனிந்துகொள்வான். யாரையும் திட்டமாட்டார், எண்ணை மட்டும் சொல்வார்.

நிலையத்துச் சுவரில் ஒரு பலகை உண்டு. பால் பார்ப்பவர் சொல்லும் அளவில் சந்தேகம் இருந்தால் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பக் கேட்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. அங்கே பாலை உறைய வைத்து, அடுப்பில் காயவைத்து, எடைபோட்டுச் சொல்வார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒருத்தரும் கேட்டதில்லை. அந்தப் பலகையில் நாங்கள் குடை மாட்டிவைப்போம்.

இப்படிப்பட்டவருக்கு அந்தப் படத்தின் முதல் பாகம் பிடித்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அதில் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மா வருவாள். டெல்லியில் ஏதோ ஓர் அலுவலகத்தின் பின்னறையில் உட்கார்ந்து பாஸ்போர்ட், கடிதம், முத்திரை எல்லாம் நிஜமா கள்ளமா என்று பார்ப்பது அவள் வேலை. தாளை விரலால் தடவிப் பார்த்து "இது கள்ளம்" என்பாள். அவள் சொல்லை நம்பித்தான் கதாநாயகன் மாடியிலிருந்து குதிப்பான். மொத்தம் பத்து நிமிடம் வருவாளோ என்னவோ. அக்கா அதை போனில் நாலு தடவை பார்த்தார். "சண்டை ஒக்க ஓட்டி விட்டுருவேன் பிள்ளே. அவ வாற இடத்த மட்டும் பாப்பேன்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இரண்டாம் பாகம் வந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. மழையில் வெட்டு கிடையாது. வெட்டு இல்லாவிட்டால் எங்களுக்கும் வேலை இல்லை. திங்கட்கிழமை காலை அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்று, "மார்த்தாண்டம் வாறியா? கண்ணாடிக்காரி இந்தத் தடவை என்ன கண்டுபிடிக்கான்னு பாத்துட்டு வருவோம்" என்றார். இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

படத்தைப் பற்றி என்ன சொல்ல. கார் ரயில் மேல் விழுந்தது, ரயில் பாலத்திலிருந்து விழுந்தது, பாலம் எதன்மேலோ விழுந்தது. யார் யாரை அடிக்கிறார்கள் என்று கண்ணுக்குப் பிடிபடுவதற்குள் அடுத்த தேசம் வந்துவிடும். நான் இடைவேளைக்கு முன்பே உறங்கிவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாக உறங்கினேன். என் கையை அக்கா இறுக்கிப் பிடித்தபோதுதான் விழிப்பு வந்தது. திரையில் கண்ணாடிக்காரி நின்றுகொண்டிருந்தாள். எதிரிக்கு ஆள் பெயர்களை விற்ற துரோகி அவள்தானாம். வெளிநாட்டில் ஒரு பெரிய வீட்டுக்காக விற்றாளாம். கதாநாயகன் அவளைச் சுட்டான். அரங்கம் முழுக்க விசில். பக்கத்தில் அக்காவின் முகம், அழுகிய பால் கேனைத் திறந்தபோது சுருங்குவதைவிட மோசமாகச் சுருங்கியிருந்தது.

வெளியே வந்தால் வாசலில் ஜெப்சன் மைக்கோடு நிற்கிறான். எங்கள் திருச்சபைப் பையன்தான், ஜேசுதாஸ் அண்ணன் மகன். இன்ஜினியரிங் முடித்துவிட்டு யூடியூப் சேனல் நடத்துகிறான். படம் பார்த்து வருகிறவர்களைப் பிடித்துக் கருத்துக் கேட்பது அவன் தொழில். முதலில் என் வாயில் மைக்கை நீட்டினான். எனக்குக் கூச்சம். பின்னால் நின்ற பையன்கள் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். "சூப்பர் படம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். பாதி நேரம் உறங்கியவள் சொன்ன கருத்து அது.

பிறகு அக்காவிடம் நீட்டினான். இங்கே எங்கள் ஆட்களின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாகவேண்டும். எங்கள் சபையில் வீட்டு ஜெபக் கூட்டங்களில் தங்கள் வாழ்வில் நடந்ததை எழுந்து சாட்சியாகச் சொல்வது உண்டு. அதற்கு ஒரு முறை இருக்கிறது, யாரும் எழுதிவைக்காவிட்டாலும் எல்லோருக்கும் தெரியும். எழுந்து நின்றதும் முதலில் நன்மைகளைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணவேண்டும். வீட்டுக் கூரை பறந்து போயிருந்தாலும், நல்லபடியாகக் கூட்டத்துக்கு வந்து சேர்ந்ததற்கு முதலில் நன்றி. அதற்குப் பிறகுதான் பாரம், அதாவது மனதை அழுத்தும் குறை. அக்கா அதுவரை மைக் பிடித்ததெல்லாம் சாட்சி சொல்லத்தான். அந்தப் பழக்கத்திலேயே தொடங்கினார்.

"மொதல்ல கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இந்த மழையிலயும் பஸ் கிடச்சுது, நல்ல சீட்டு கிடச்சுது. அந்தப் பையன் நல்லா ஓடுகான், நல்லா உழச்சிருக்கான். சத்தம் நெஞ்சுக்குள்ள வந்து அடிக்குது. காரெல்லாம் பறக்குது, கண்ணு இமைக்க முடியேல்ல. எடுத்தவியளுக்க பாடு பெருசு, அவியள கர்த்தர் ஆசீர்வதிக்கட்டு."

அதன் பிறகு மூச்சு எடுத்துக்கொண்டு பாரத்துக்கு வந்தார். நான் பக்கத்தில் குடையோடு நின்றேன், ஒவ்வொரு சொல்லும் கேட்டேன்.

"ஆனா மக்கா, எனக்கு இந்தப் படம் ஓங்கரிப்பா இருக்கு. ஒருத்தி ஒரு மேசையில இருந்து வருஷக்கணக்கா இது கள்ளம், இது நெசம்னு பாத்துச் சொன்னா. அவளுக்க சொல்ல நம்பித்தான் அந்தப் பையன் குதிச்சான், பறந்தான், ஹீரோ ஆனான். இப்பம் அவளயே கள்ளியாக்கிப் போட்டிய. எதுக்கு? ஆளுவ வாயப் பொளக்கணும்னு. அவ ஏன் அப்படிச் செய்தான்னு ஒரு காரணம் உண்டா? பெரிய வீடாம். இருபது வருஷம் நேரா இருந்தவ ஒரு வீட்டுக்குச் சாயுவாளா? இத எழுதினவன் ஒருநாளாவது ஒரு வேலையில நேரா இருந்து பாத்திருக்கானா? அழுகின பாலுக்க முன்ன இருபத்து மூணு வருஷமா நிக்கேன், எனக்கு வயிறு பொரட்டினதில்ல. இன்னைக்குப் பொரட்டுது."

நாலு நிமிடம் பேசியிருப்பார். வேறு ஒருத்தரும் அந்தப் படத்தைப் பற்றி அவ்வளவு யோசித்துப் பேசவில்லை. ஜெப்சன் தலையாட்டிக் கேட்டான். "அடிபொளி மாமி" என்றான்.

சாயங்காலம் வீடியோ வந்தது. அக்காவின் பங்கு முப்பது நொடி. ஸ்தோத்திரத்தில் தொடங்கி ஆசீர்வாதத்தில் முடிந்துவிட்டது. பாரம் முழுக்க வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. அக்கா வாய் திறந்து நிற்கும் படத்தை வெட்டி ஒட்டி, பின்னால் தீ எரியவிட்டு, "சபை மாமியையே சாய்த்த படம்" என்று தலைப்பு. மறுநாள் காலைக்குள் இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். கீழே கருத்துகள். "மாமிக்கு எவ்வளவு குடுத்தானுவ?" "ஸ்தோத்திரத்துக்கு ஒரு ரேட், ஆசீர்வாதத்துக்கு ஒரு ரேட்." "ரப்பர் பால் அளக்கிற கைதானே, இதிலயும் தண்ணி ஊத்திட்டு." கடைசியாக எழுதியவன் கண்டிப்பாக எங்கள் ஊர்க்காரன். வாசிக்க வாசிக்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு மனுஷியை இரண்டு லட்சம் பேர் பார்த்து, அதில் ஒருத்தனுக்குக்கூட முழுதாகக் கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை.

மழை விடவில்லை. செவ்வாய்க்கிழமை நானும் அக்காவும் ஜெப்சன் வீட்டுக்குப் போனோம். மாடியறையில் வட்ட விளக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். மரியாதையாக எழுந்து நாற்காலி போட்டான்.

"மீதி எங்க மக்கா?" என்று அக்கா கேட்டார்.

"அவ்வளவு நீளம் போட்டா யாரும் பாக்க மாட்டாவ மாமி."

"செரி. அப்பம் பாரத்தப் போட்டுட்டு ஸ்தோத்திரத்த வெட்டியிருக்கலாம்லா?"

அவன் சிரித்தான். "படம் கொள்ளாதுன்னு போட்டா அடுத்த படத்துக்கு பாஸ் தரமாட்டாவ. நீங்க சொன்னதத்தான் மாமி போட்டேன். நான் ஒண்ணும் சேக்கேல்ல."

"அந்த மீதிய இப்பம் போடு."

"அழிச்சாச்சு. மெமரி இல்ல." பிறகு ஏதோ நல்ல காரியம் நினைத்துவிட்டவன்போல முகம் மலர்ந்து, "வேணும்னா இப்பம் ஒண்ணு எடுப்போமா? மாமியுக்க ரெண்டாம் பாகம்னு போட்டா பிச்சுக்கிட்டு ஓடும்" என்றான்.

அக்கா எழுந்து வந்துவிட்டார். நானாக இருந்தால் அந்த வட்ட விளக்கை எடுத்து அவன் கழுத்தில் மாட்டிவிட்டு வந்திருப்பேன்.

வியாழக்கிழமை வெயில் வந்தது. வெட்டும் வந்தது. பதினோரு மணிக்கு நிலையத்தில் கூட்டம். ஜெப்சனின் அப்பா ஜேசுதாஸ் அண்ணன் கேனை இறக்கி வைத்தார். மூன்று ஏக்கர் தோட்டக்காரர், சபைக் கமிட்டியில் இருப்பவர். பாலில் தண்ணீர் ஊற்றி அக்காவிடம் இரண்டு முறை மாட்டியவரும்கூட.

"இன்னைக்கு எனக்க பாலுக்கு என்ன விமர்சனம் சத்தியபாயி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா விரலில் தொட்டு உரசினார். மிதவையை இறக்கினார். குனிந்து பார்த்தார். "இருபத்தாறு அண்ணா."

"இருபத்தாறா?"

"மழத்தண்ணி மட்டும் இவ்வளவு எறக்காது. உங்களுக்கே தெரியும்."

ஜேசுதாஸ் அண்ணன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "கண்டவனுக்க படத்துக்கு ஆசீர்வாதமே குடுத்தா. எனக்க பாலுக்கு இருபத்தாறாம். அதுக்கு எவன் என்ன குடுத்தானோ, நான் ஒண்ணும் குடுக்கேல்ல, அதாக்கும் கொறஞ்சு போச்சு." பிறகு சுவரில் இருந்த பலகையைக் காட்டி, "எனக்கு லேபுக்கு அனுப்பணும்" என்றார்.

தன் மகன் வெட்டியதை வைத்தே அவர் அக்காவை அடித்தார். அதைவிடக் கேவலம் அடுத்து நடந்தது. வரிசையில் நின்ற ரத்தினம், "அப்பம் எனக்கும் ஒண்ணு அனுப்பு" என்றார். அவருக்குப் பின்னால் நின்றவரும் கேட்டார். எல்லோரும் அக்கா கையால் இருபது வருடம் எண் வாங்கியவர்கள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "அக்கா படத்தக் குறைதான் சொன்னா. நான் பக்கத்துல நின்னு கேட்டேன். அந்தப் பய வெட்டிப்போட்டான்" என்று எழுந்து நின்று சொன்னேன்.

ரத்தினம் போனை எடுத்துத் தேய்த்து என் பக்கம் திருப்பினார். அதில் நான் நிற்கிறேன். "சூப்பர் படம்" என்கிறேன். "நீயுந்தான சொன்ன? ஒனக்க பேச்ச மட்டும் எப்படி நம்பணும்?" என்றார்.

அக்கா நிஜத்தைச் சொன்னார், அதை வெட்டினார்கள். நான் பொய்யைச் சொன்னேன், அதை அப்படியே முழுதாகப் போட்டார்கள். என்னிடம் எவ்வளவு வாங்கினாய் என்று ஒருத்தன் கேட்கவில்லை. ஆனால் அக்காவுக்குச் சாட்சி சொல்ல வேண்டிய நேரத்தில் என் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போனது. அன்று என்மேல் எனக்கு வந்த வெறுப்பு ஜெப்சன்மேல் வந்ததைவிடக் குறைவில்லை.

அக்கா பலகையில் மாட்டியிருந்த குடைகளை எடுத்து ஓரமாக வைத்தார். பெட்டியைத் திறந்து சின்ன பாட்டில்களை எடுத்தார். ஒவ்வொன்றிலும் பால் ஊற்றி, கெட்டுப்போகாமல் இருக்க அமோனியா சொட்டுவிட்டு, மூடி, பெயர் ஒட்டி, பக்கத்தில் தான் சொன்ன எண்ணையும் எழுதச் சொன்னார். மொத்தம் பதினான்கு பாட்டில்கள். எல்லோரும் போனபிறகு வெளியே வேலிப்பக்கம் போய் வாந்தி எடுத்தார். அமோனியா வாடையால் என்றார். இருபத்து மூன்று வருடமாக அதே வாடைதான்.

முடிவு வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் அக்கா எண் சொல்லும்போதெல்லாம் கொண்டுவந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எண்ணு தப்பிப்போனா நான் வேலய விட்டு நின்னுருவேன் பிள்ளே. ஒரு பாட்டில்ல தப்பினாலும் நிப்பேன்" என்று ஒரு நாள் சொன்னார். மஸ்கட்டிலிருந்து சிலுவைதாசன் அண்ணன் போன் செய்து, அங்கே கூட வேலை செய்கிறவர்கள்கூட வீடியோ காட்டிச் சிரிக்கிறார்கள் என்று சொன்னாராம். அக்கா அவரிடமும் முழுக் கதையையும் சொல்லவேண்டியிருந்தது.

தாள் வந்தது. பதினான்கு எண்ணும் அக்கா சொன்னதுதான், அரைக்கு மேல் எதிலும் வித்தியாசம் இல்லை. ஜேசுதாஸ் அண்ணனுக்கு ஆய்வகம் போட்டது இருபத்தைந்தரை. அக்கா அரை கூட்டித்தான் கொடுத்திருந்தார். அவர் தாளை வாங்கிப் பார்த்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "கொள்ளாம், நல்லது" என்றார். பிறகு பாலை ஏற்றிப்போகும் லாரி அடுத்து எப்போது வரும் என்று கேட்டார். பதினான்கு பேரில் ஒருத்தருக்கும் மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. எனக்குக் காறித் துப்பவேண்டும் போல் இருந்தது. பதிவேட்டின் முன்னால் உட்கார்ந்திருந்ததால் துப்பவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டு ஜெபக் கூட்டம். முறைப்படி ஜேசுதாஸ் அண்ணன் வீட்டின் முறை. அக்கா வரமாட்டார் என்று நினைத்தேன். பைபிளோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பாட்டு முடிந்தது. ஜெப்சன் சுவரோரம் நின்று சபை குரூப்பில் போடுவதற்காக போனில் பிடித்துக்கொண்டிருந்தான். கூட்டம் நடத்தும் ஞானபாய் மைனி, "சாட்சி சொல்லுகவிய சொல்லலாம்" என்றார்.

அக்கா எழுந்தார்.

"எனக்க பாரத்த மொதல்ல சொல்லுகேன்."

கூட்டம் நிமிர்ந்தது. ஞானபாய் மைனி மெல்ல, "ஏட்டி, ஸ்தோத்திரம் சொல்லிட்டு" என்றார்.

"அது கடசியில வருகு மைனி. மொதல்ல ஸ்தோத்திரம் சொன்னா பொறவு உள்ளத வெட்டிப்போடுகாவ." அக்காவின் குரலில் கோபம் இல்லை, பால் அளவு சொல்கிற குரல்தான். "ஒரு படத்தப் பாத்தேன். எனக்குப் பிடிக்கேல்ல, ஓங்கரிப்பு வந்துது, அதச் சொன்னேன். இந்த வீட்டுப் பிள்ள அத வெட்டி, நான் சொல்லாதத நான் சொன்னதாக்கினான். இந்த வீட்டு அண்ணன் அத வச்சு எனக்க பாலளவு கள்ளம்னு சொன்னாவ. இஞ்ச இருக்கவியள்ல ஒம்பது பேரு பாட்டில் அனுப்பினிய. எல்லாம் செரியாத்தான் இருக்குன்னு தாளு வந்துது. ஒருத்தரும் எங்கிட்ட வந்து ஒண்ணும் சொல்லேல்ல. எனக்கு உங்கள ஒக்கப் பாக்க வெறுப்பா இருக்கு. அந்த வெறுப்பு மாறணும்னு ஜெபிச்சுக்கிடுங்க. இதாக்கும் பாரம்."

ஜேசுதாஸ் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனி ஸ்தோத்திரம். அந்த லேபுல உள்ள அடுப்புக்காக ஸ்தோத்திரம். அதுக்கு என்னய யாருன்னே தெரியாது. உள்ளத உள்ளபடி சொல்லிச்சு."

அக்கா உட்கார்ந்தார். யாரும் ஆமென் சொல்லவில்லை. சொல்லவேண்டியவள் நான் என்று எனக்குத் தெரிந்தது. எழுந்தேன்.

"அந்தப் படம் சூப்பர்னு நான் சொன்னது பொய். பாதிப் படம் நான் உறங்கிட்டேன். சத்தியபாய் அக்கா குறை சொன்னத நான் முழுசும் கேட்டேன். எனக்க பொய்யினால அன்னைக்கு நான் சொன்னத ஒருத்தரும் நம்பேல்ல." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. ஸ்தோத்திரம் சொல்ல வரவில்லை.

சுவரோரத்திலிருந்து ஜெப்சன் போனை உயர்த்திக்கொண்டே, "சபிதாக்கா, ஒரு போன் வந்து ரெக்கார்டிங் கட்டாயிட்டு. அத இன்னொருக்கா சொல்லுங்க" என்றான்.

கேட்டால் சொல்லிவிடும் பழக்கத்தில் நான் வாயைத் திறந்தேன். அக்கா என் சேலையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"வாண்டாம். கேக்கவேண்டியவிய கேட்டாச்சு" என்றார்.